அத்தியாயம் 7: புரோபை எங்கே வைப்பது?

2004 ஆகஸ்ட் 9, பிற்பகல் மூன்றரை மணிக்குச் சற்று முன். ஜப்பானின் ஃபுகுய் பகுதியில் உள்ள மிஹாமா அணுமின் நிலையத்தின் மூன்றாவது அலகில், டர்பைன் கட்டடத்துக்குள் ஒப்பந்தத் தொழிலாளர்கள் வேலையாக இருந்தார்கள். சில நாட்களில் அலகை நிறுத்திப் பராமரிப்பு தொடங்கவிருந்தது. அதற்கான முன்னேற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அப்போது மேலே சென்ற 56 செ.மீ. விட்டமுள்ள குழாய் ஒன்று கிழிந்து திறந்தது. அதில் ஓடியது கதிரியக்கம் கலந்த நீர் அல்ல, வெறும் வெந்நீர்தான். ஆனால் அழுத்தத்தில் அடைபட்ட, 140 டிகிரி வெந்நீர். ஐந்து பேர் இறந்தார்கள். ஆறு பேர் காயமடைந்தார்கள்.

புதிதாகப் பொருத்தியபோது அந்தக் குழாயின் சுவர் 10 மி.மீ. தடிமன். 4.7 மி.மீ.க்குக் கீழே போனால் மாற்றியாக வேண்டும் என்பது விதி. கிழிந்த இடத்தில் 1.5 மி.மீ.கூடத் தேறவில்லை. ஓட்டத்தை அளக்க வைத்த ஆரிஃபிஸ் தகட்டுக்கு அடுத்த பகுதி அது. தகட்டைத் தாண்டும் நீர் சுழன்றடித்து, இரும்பின் மேல் படியும் காப்புப் படலத்தைக் கரைத்துக்கொண்டே போகும். இது புதிய கண்டுபிடிப்பும் அல்ல. 1986 டிசம்பர் 9 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், சர்ரி நிலையத்தின் இரண்டாம் அலகில் 18 இன்ச் எல்போ (குழாய் வளைவு) ஒன்று இதே விதமாக மெலிந்து வெடித்து நான்கு பேரைக் கொன்றிருந்தது.

மிஹாமாவில் தடிமன் அளக்கும் கருவி இருந்தது. அளக்கத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். எந்தெந்த இடத்தை எப்போது அளப்பது என்ற பட்டியலும் இருந்தது. அந்தப் பட்டியலில் இந்த ஓர் இடம் விடுபட்டுப்போயிருந்தது. 1976-ல் ஓடத் தொடங்கிய அலகில் 2004 வரை அந்த இடத்தில் யாரும் கருவியின் தொடுமுனையான புரோபை வைத்ததில்லை. விடுபட்டது முந்தைய ஆண்டே தெரியவந்து, ஆகஸ்ட் 14 அன்று தொடங்கவிருந்த நிறுத்தத்தில் அளந்துவிடலாம் என்று வைத்திருந்தார்கள். குழாய் ஐந்து நாள் முந்திக்கொண்டது.

இந்த அத்தியாயம் மீயொலிச் சோதனையைப் பற்றியது. ஆனாலும் கருவியைவிட இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசும். கருவியைப் பிடிக்க ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். புரோபின் முகமோ பத்துப் பன்னிரண்டு மி.மீ. அகலம்தான், ஒரு வணிக வளாகத்தின் தீயணைப்பு ஸ்பிரிங்க்ளர் குழாய்கள் கிலோமீட்டர் கணக்கில் ஓடுகின்றன. எங்கே வைப்பது என்று தெரியாதவர் கையில் எவ்வளவு விலையுயர்ந்த கருவி இருந்தாலும், அவர் அளப்பது நன்றாக இருக்கும் இரும்பைத்தான்.

ஒலி செய்யும் வேலை

மனிதக் காது வினாடிக்கு 20,000 அதிர்வுகள் வரைதான் கேட்கும். குழாய் அளக்கும் புரோப் பெரும்பாலும் 50 லட்சம் அதிர்வுகளில், அதாவது 5 மெகாஹெர்ட்ஸில் வேலை செய்கிறது. கார்பன் ஸ்டீலுக்குள் ஒலி வினாடிக்குச் சுமார் 5,920 மீட்டர் வேகத்தில் போகும். வெளியிலிருந்து அனுப்பிய ஒலி 4.5 மி.மீ. சுவரைக் கடந்து, உள்முகத்தில் மோதித் திரும்ப ஒன்றரை மைக்ரோ வினாடி ஆகிறது. கருவிக்குத் தெரிந்தது அந்த நேரம் மட்டுமே. அதை வேகத்தால் பெருக்கி, இரண்டால் வகுத்துத் திரையில் மில்லிமீட்டராகக் காட்டுகிறது.

குழாயின் ஒரு பக்கத்தைத் தொட்டால் போதும் என்பதுதான் இந்த முறையின் பலம். உள்ளே தண்ணீர் நிற்கலாம், எண்ணெய் ஓடலாம், அழுத்தம் இருக்கலாம். எதையும் நிறுத்த வேண்டியதில்லை, வெட்ட வேண்டியதில்லை. ஆனால் புரோபுக்கும் இரும்புக்கும் நடுவே காற்று இருக்கக் கூடாது. இந்த அதிர்வெண்ணில் ஒலி காற்று இடைவெளியைத் தாண்டாது. ஜெல், கிளிசரின் என்று எதையாவது தடவிவிட்டுப் புரோப் வைப்பது அதற்காகத்தான்.

ஒலியின் வேகத்தைத் தவறாகக் கொடுத்தால் தடிமனும் தவறும். ஆகவே அதே வகை உலோகத்தில் செய்த, படிப்படியாகத் தடிமன் கூடும் காலிபிரேஷன் பிளாக்கில் முதலில் வைத்துச் சரிபார்க்க வேண்டும். வேலை தொடங்கும்போது ஒரு முறை, முடிக்கும்போது ஒரு முறை, புரோப் அல்லது கேபிள் மாற்றினால் மறுபடியும். சாயங்காலம் பிளாக்கில் வைக்கும்போது எண் மாறியிருந்தால் அன்று எடுத்த ரீடிங் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை. இதை ஒப்பந்தக்காரர்கள் விரும்புவதில்லை. வாடிக்கையாளர் வற்புறுத்த வேண்டும்.

ஒரு ரீடிங், கிட்டத்திலிருந்து

அடித்தள வாகன நிறுத்தத்தின் கூரையில் ஓடும் நாலு இன்ச் ஹெட்டரை, அதாவது கிளைக் குழாய்களுக்கு நீர் கொடுக்கும் முதன்மைக் குழாயை, எடுத்துக்கொள்வோம். ஐ.எஸ். 1239 தரநிலையின் மீடியம் வகை என்றால் அதன் சுவர் 4.5 மி.மீ., ஹெவி வகை என்றால் 5.4 மி.மீ. எந்த வகை போட்டார்கள் என்று கட்டடத்தில் யாருக்கும் நினைவிருக்காது. பழைய வரைபடம் ஒன்று சொல்லும், பில் வேறொன்று சொல்லும். அரிக்க வாய்ப்பில்லாத இடமாகப் பார்த்து நாலைந்து ரீடிங் எடுத்தாலே எது என்று தெரிந்துவிடும்.

சாரத்தின் மேல் நிற்பவர் முதலில் தூசியைத் துணியால் துடைக்கிறார். சிவப்பு பெயிண்ட் மேலே மேலே அடித்து மெத்தென்று இருக்கிறது. இங்கேதான் முதல் ஏமாற்று. பெயிண்டுக்குள் ஒலியின் வேகம் இரும்பில் உள்ளதில் பாதிகூட இல்லை. 0.3 மி.மீ. பெயிண்டைச் சாதாரண முறையில் சேர்த்து அளந்தால் திரையில் சுமார் 0.7 மி.மீ. கூடுதலாகத் தெரியும். 3.8 ஆக மெலிந்த குழாய், புதுக் குழாய்போல 4.5 காட்டும். எக்கோ-டு-எக்கோ என்ற முறை உள்ள கருவி, உள்முகத்திலிருந்து அடுத்தடுத்து வரும் இரண்டு எதிரொலிகளுக்கு நடுவே உள்ள நேரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பெயிண்டைக் கழித்துவிடும். அந்த வசதி இல்லையென்றால் ஒரு ரூபாய் அளவு இடத்தில் பெயிண்டைச் சுரண்டி எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் பிரைமர் பூசி மூடுவது தவிர வேறு வழியில்லை.

உட்புறம் அரித்த குழாய்களுக்கு ஒலி அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று என இரண்டு படிகங்கள் உள்ள புரோப்தான் பொருந்தும். அதன் முகத்தில் இரண்டையும் பிரிக்கும் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு குழாயின் நீளவாட்டுக்குக் குறுக்கே இருக்கும்படி பிடிக்க வேண்டும். சின்னக் குழாய்களில் இதைக் கவனிக்காமல் வைத்தால் ரீடிங் ஆடும். ஒரு இன்ச் குழாயின் வெளிவிட்டம் 33.7 மி.மீ.தான்; அதன் மேல் பெரிய புரோப் உருளும், நிற்காது. ஐந்தாறு மி.மீ. முகமுள்ள சின்னப் புரோப் வேண்டும்.

அழுத்திப் பிடித்துச் சற்றே அசைக்கிறார். 4.4, 4.3, 4.3. அரை அங்குலம் நகர்த்துகிறார். 4.2. இன்னும் கொஞ்சம். எண் மறைகிறது. மறுபடி ஜெல் தடவுகிறார், அங்கேயே வைக்கிறார்; மறுபடியும் ஒன்றும் இல்லை. அவசரக்காரர் அந்த இடத்தை விட்டுவிட்டு, எண் வரும் இடத்துக்கு நகர்ந்துவிடுவார். செய்யக் கூடாதது அதுதான். ஜெல் சரியாக இருந்தும், மேற்பரப்பு வழவழப்பாக இருந்தும் எதிரொலி திரும்பவில்லை என்றால், உள்முகம் கரடுமுரடாகி ஒலியைச் சிதறடிக்கிறது என்று அர்த்தம். குழி விழுந்த இடத்தின் அடையாளம் அதுவாகவே இருக்கலாம். ‘ரீடிங் இல்லை’ என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும்.

அதைவிட மோசமானது, தவறான எண்ணைத் தெளிவாகக் காட்டுவது. சுவர் ஒரு மி.மீ.க்கும் கீழே மெலிந்துவிட்டால், சில புரோப்கள் முதல் எதிரொலியைத் தவறவிட்டு இரண்டாவதைப் பிடித்துக்கொள்ளும். 0.8 இருக்கும் இடத்தில் திரை 1.6 என்று காட்டும். ஆபத்து கூடக் கூட எண்ணும் கூடுகிறது. எண்ணை மட்டும் காட்டும் கருவியில் இதைக் கண்டுபிடிக்க முடியாது. எதிரொலியின் அலைவடிவத்தையே காட்டும் ஏ-ஸ்கேன் திரை இருந்தால் பழகிய கண்ணுக்குத் தெரிந்துவிடும். ஏ-ஸ்கேன் இல்லாத கருவியோடு வருபவரை ஸ்பிரிங்க்ளர் வேலைக்கு அனுமதிக்காமல் இருப்பது நல்லது.

தண்ணீர் நிற்கும் குழாயில் துரு எங்கே வரும்

இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, ஆக்சிஜனும் வேண்டும். எப்போதும் நீர் நிரம்பிய ஸ்பிரிங்க்ளர் குழாயில், நீரில் கரைந்திருந்த ஆக்சிஜனைக் கொஞ்ச நாளில் இரும்பு தின்று தீர்த்துவிடும். அதன்பின் அந்த நீர் பெரும்பாலும் சாதுவாகக் கிடக்கும். ஆனால் குழாய்களைக் கீழிருந்து நிரப்பும்போது காற்று மேட்டுப் பகுதிகளுக்கும் கிளைக் குழாய்களின் முனைகளுக்கும் தள்ளப்பட்டு அங்கேயே சிறைப்படுகிறது. காற்றில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். நீரும் காற்றும் சந்திக்கும் அந்தக் கோட்டை ஒட்டித்தான் குழி விழும். துருக் கட்டிகள் முளைக்கும்.

ஆகவே புரோப் போக வேண்டிய முதல் இடம் எளிதில் கைக்கு எட்டும் பம்ப் ரூம் அல்ல; கிளைக் குழாய்களின் கடைசி முனையும், ஹெட்டரின் மிக உயரமான பகுதியும். அங்கே குழாயின் உச்சியிலும் அடியிலும் மட்டும் வைத்தால் போதாது. கடிகார முகமாகப் பார்த்தால் பத்து மணி, இரண்டு மணி நிலைகளை ஒட்டிய பட்டைதான் முக்கியம். பாதி காற்று நிற்கும் குழாயில் நீர்க்கோடு எந்த உயரத்தில் என்பதையும் மீயொலியே சொல்லும். அடியில் புரோப் வைத்தால் ஒலி சுவரைக் கடந்து, நீருக்குள் வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் வேகத்தில் ஏறி, நீரின் மேற்பரப்பில் மோதித் திரும்பும். அந்த நேரத்திலிருந்து நீர்மட்டத்தைக் கணக்கிடலாம். பக்கவாட்டில் வைத்தால், நீர் இருக்கும் உயரம்வரை எதிர்ச்சுவரின் எதிரொலி வரும். காற்று தொடங்கும் இடத்தில் நின்றுவிடும். இதற்குச் சாதாரணத் தடிமன் கருவி உதவாது, ஃபிளா டிடெக்டர் வேண்டும். கூடுதல் செலவுதான், ஆனால் எங்கே அளப்பது என்ற கேள்விக்குக் குழாயே பதில் சொல்லிவிடுகிறது.

இங்கே பராமரிப்புக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். குழாயை வடித்து நிரப்பும் ஒவ்வொரு முறையும் புது ஆக்சிஜன் உள்ளே போகிறது. ஓய்ந்திருந்த துரு மறுபடி தொடங்குகிறது. அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 25 தரநிலை ஐந்தாண்டுக்கு ஒரு முறை குழாயின் உட்புற நிலையைப் பார்க்கச் சொல்கிறது. வழக்கமாக அதற்கு நீரை வடித்து, முனையைக் கழற்றி, ஒரு ஸ்பிரிங்க்ளரை எடுத்து உள்ளே எட்டிப்பார்ப்பார்கள். குழாயைச் சேதப்படுத்தாத மாற்று முறைகளையும் அதே தரநிலை ஏற்றுக்கொள்கிறது. வடித்த நேரத்தில் கட்டடத்துக்குத் தீப் பாதுகாப்பு இல்லை. நிரப்பிய பிறகு அரிப்புக்குப் புதுத் தீனி. வெளியிலிருந்து அளப்பதற்கு ஆதரவான வாதங்களில் இதுவே வலுவானது, கூலி மிச்சம் என்பதைவிட.

உலர் அமைப்புகளில் கதை தலைகீழ். வால்வுக்கு அப்பால் நீருக்குப் பதில் அழுத்தக் காற்று நிற்கும். சோதனைக்குப் பிறகு வடியாமல் தங்கிய நீரும், கம்ப்ரெஸர் காற்றோடு வரும் ஈரமும் தாழ்ந்த இடங்களில் தேங்கும். கம்ப்ரெஸர் ஓயாமல் ஆக்சிஜனை ஊட்டிக்கொண்டே இருக்கும். அங்கே ஆறு மணி நிலை, அதாவது குழாயின் அடிவயிறுதான் மெலியும். பனி உறையும் நாடுகளில் இந்த அமைப்பு அதிகம். நம் ஊரில் குளிர்பதனக் கிடங்குகளோடு சரி. ஆனால் டிரான்ஸ்ஃபார்மர்களையும் எரிவாயுத் தொட்டிகளையும் காக்கும், ஐ.எஸ். 15325 பேசும் நீர்த்தெளிப்பு அமைப்புகள் எங்கும் உண்டு. நீரைத் திறந்துவிடும் டெலுஜ் வால்வுக்கு அப்பாலுள்ள குழாய் காலியாகக் கிடக்கும், நாசில்கள் திறந்திருக்கும், ஒவ்வொரு சோதனையிலும் நனைந்து காயும். கால்வனைஸ் செய்திருக்கிறதே என்று நம்பி அதை அளக்காமல் விடுவது வழக்கம். துத்தநாகப் பூச்சு ஓரிடத்தில் விட்டுப்போனால் அரிப்பு முழுக்க அந்தப் புள்ளியில் குவிந்து ஆழமாகத் தோண்டும் என்பதுதான் உண்மை.

மரை போட்ட மூட்டுகளை மறக்க வேண்டாம். ஒரு இன்ச் மீடியம் குழாயின் சுவர் 3.2 மி.மீ. அதில் மரை வெட்டும்போது 1.48 மி.மீ. ஆழம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது 1.7 சொச்சம். நடுக்குழாயில் 2.4 என்று அளந்து ‘நன்று’ என்று எழுதும் இடத்தில், உள்ளே அதே அளவு அரித்திருந்தால் மரையின் அடியில் ஒரு மி.மீ.கூட மிஞ்சவில்லை. மரைக்குள் புரோப் வைக்க முடியாது. அதை ஒட்டிய இடத்தில் அளந்து கழித்துப் பார்க்கத்தான் முடியும். ஸ்பிரிங்க்ளர் கசிவுகள் பெரும்பாலும் மூட்டில் ஏன் தெரிகின்றன என்பதற்குக் காரணம் இந்தக் கழித்தல் கணக்கிலேயே இருக்கிறது. பிளம்பரின் கைவேலைமீது பழி போடும் முன் அதைப் போட்டுப் பார்க்கலாம்.

தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரா, டேங்கர் நீரா, மாநகராட்சி நீரா என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும். குளோரைடு அதிகமுள்ள நீர் குழிகளை ஆழமாக்கும். துருக் கட்டியின் கீழே ஆக்சிஜன் இல்லாத இருட்டில் சல்பேட்டை ஒடுக்கும் பாக்டீரியாக்கள் குடியேறினால், இரும்பைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். நீரை வடிக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் அந்தப் பகுதியில் புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். குழாயின் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் ஜாக்கி பம்ப் முன்பைவிட அடிக்கடி ஓடத் தொடங்குவதும் ஒரு செய்திதான். எங்கோ ஊசித் துளை விழுந்திருக்கலாம்.

குறைந்ததை எழுது, சராசரியை அல்ல

அறிக்கைகளில் அடிக்கடி பார்க்கும் பிழை, நான்கு பக்கமும் எடுத்த ரீடிங்கைக் கூட்டி வகுத்துப் போடுவது. குழி விழும் குழாயில் சராசரிக்கு அர்த்தமே இல்லை. சல்லடைக்கும் சராசரித் தடிமன் கணக்கிடலாம், தண்ணீர் நிற்காது. புள்ளியாக வைத்து எடுப்பதைவிட, ஒரு கையகலப் பட்டையில் குழாயைச் சுற்றிப் புரோபை மெதுவாக இழுத்து, கருவியின் ‘மினிமம்’ வசதியில் மிகக் குறைந்த எண்ணைப் பிடிப்பது மேல். சந்தேகமான இடத்தில் ஃபேஸ்டு அரே கருவியால் பரப்பு முழுவதையும் வண்ணப்படமாக எடுக்கலாம். ஹெட்டரில் இரண்டு மூன்று இடங்களுக்கு அது தகும்; எல்லா இடத்துக்கும் கட்டுப்படியாகாது.

ஓரிடத்தில் வளையம் மாட்டி, குழாயின் நீளத்துக்கு ஒலியை ஓடவிட்டு, பல மீட்டர் தூரத்தை ஒரே நேரத்தில் பார்க்கும் கைடட் வேவ் முறையும் உண்டு. வெல்டு செய்த நீண்ட ஆலைக் குழாய்களில் அது அருமையாக வேலை செய்யும். மரை மூட்டும் குரூவ்டு கப்ளிங்கும் நிறைந்த ஸ்பிரிங்க்ளர் குழாய்களில் ஒலி மூட்டைத் தாண்டாது. அதை விற்க வருபவரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்டால் போதும்.

ஆலைக் குழாய்கள்: ரிச்மண்ட் சொன்னது

ரசாயன, எண்ணெய் ஆலைகளில் அளக்கும் பழக்கம் ஸ்பிரிங்க்ளர் உலகத்தைவிட முதிர்ந்தது. ஏ.பி.ஐ. 570 என்ற விதிநூலின்படி ஒவ்வொரு குழாய்த்தொடரிலும் கண்காணிப்பு இடங்களை வரைபடத்தில் குறித்து, குழாய் மேலும் அடையாளமிட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் அதே இடங்களை அளக்கிறார்கள். எல்போ, டீ, ரசாயனம் செலுத்தும் இடம், ஓட்டமில்லாத முட்டுக் குழாய், தாங்கியின் மேல் குழாய் உட்காரும் இடம், மண்ணுக்குள் இறங்கும் இடம் எல்லாம் பட்டியலில் வரும். இவ்வளவு இருந்தும் தவறலாம்.

கலிஃபோர்னியாவின் ரிச்மண்டில் செவ்ரான் சுத்திகரிப்பு ஆலை. 2012 ஆகஸ்ட் 6 அன்று கச்சா எண்ணெய் அலகில் எட்டு இன்ச் குழாய் ஒன்றில் சின்னக் கசிவு. அலகை நிறுத்தாமலே காப்புறையைப் பிரித்துக் கசியும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது குழாய் கிழிந்தது. ஆவி மேகம் பத்தொன்பது ஊழியர்களைச் சூழ்ந்தது. தீப்பிடித்தபோது எல்லோரும் உயிர் தப்பியது அதிர்ஷ்டம். சுற்றுவட்டாரத்தில் சுமார் 15,000 பேர் மருத்துவ உதவி தேடி வந்தார்கள்.

கிழிந்தது 52 அங்குல நீளமுள்ள ஒரு நேர்க்குழாய்த் துண்டு. கந்தகமுள்ள சூடான எண்ணெய் கார்பன் ஸ்டீலை அரிக்கும். இரும்பில் சிலிக்கன் குறைவாக இருந்தால் பல மடங்கு வேகமாக அரிக்கும். 1970-களில் வாங்கிய பழைய தரக் குழாய்களுக்குச் சிலிக்கன் இவ்வளவாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. ஒரே வரிசையில் ஒரு துண்டு நல்லதாகவும் அடுத்த துண்டு சிலிக்கனே இல்லாததுபோலவும் அமைந்துவிடலாம். அமைந்தது. அளவீடுகள் எடுத்த எல்போக்களிலும் இணைப்புகளிலும் சிலிக்கன் போதுமான அளவு இருந்ததால் அவை நன்றாகவே இருந்தன. பக்கத்தில், யாரும் அளக்காத நேர்க்குழாய்த் துண்டு மெலிந்துகொண்டே போனது.

அரிப்பு எல்போவில்தான் அதிகம் என்ற பொதுவிதியை அப்படியே பின்பற்றியதால் வந்த வினை இது. பொதுவிதி ஓட்டத்தின் சுழற்சியால் வரும் அரிப்புக்குப் பொருந்தும். கந்தக அரிப்பில் உலோகத்தின் கலவைதான் தீர்மானிக்கிறது. எந்தக் குழாயை அளக்கப் போனாலும் முதலில் கேட்க வேண்டியது, இதை அரிக்கப்போவது எது என்பதே. பதில் தெரிந்த பிறகுதான் இடம் தேர்வு. பழைய தரக் கார்பன் ஸ்டீலில் சூடான கந்தக எண்ணெய் ஓடினால் ஒவ்வொரு துண்டிலும் ஒரு தடவையாவது அளந்தாக வேண்டும்.

ரிச்மண்ட் இன்னொன்றையும் கற்றுத்தருகிறது. ஏற்கெனவே கசியும் இடத்தை, ஓடிக்கொண்டிருக்கும் குழாயில் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கவோ, துருப்பொருக்கைத் தட்டிப் பார்க்கவோ கூடாது. அந்தப் பொருக்குதான் அடைப்பாக நின்றுகொண்டிருக்கலாம்.

சூடான குழாய்களில் கணக்குத் திருத்தமும் உண்டு. சாதாரணப் புரோப் ஐம்பது அறுபது டிகிரிக்கு மேல் தாங்காது. உயர்வெப்பப் புரோபையும் சில வினாடி வைத்து எடுத்து ஆறவிட வேண்டும். வெப்பம் ஒவ்வொரு 55 டிகிரி ஏறும்போதும் ஒலியின் வேகம் சுமார் ஒரு சதவீதம் குறைகிறது. 30 டிகிரி பிளாக்கில் காலிபிரேட் செய்துவிட்டு 330 டிகிரி குழாயில் 6.0 என்று படித்தால், உண்மையில் இருப்பது 5.7 அளவுதான். இதிலும் பிழை ஆபத்தான பக்கமே சாய்கிறது.

எண்ணிலிருந்து ஆண்டுக்கு

கையில் வந்த எண்ணை வைத்து எவ்வளவு காலம் ஓடும் என்று பார்க்கும் கணக்கு சுலபம். ஓர் எடுத்துக்காட்டு: ஆறு இன்ச் ஷெட்யூல் 40 குழாய். 2014-ல் 6.6 மி.மீ., 2024-ல் அதே இடத்தில் 5.4. பத்தாண்டில் 1.2 போயிருக்கிறது, ஆண்டுக்கு 0.12. அழுத்தத்துக்கும் தன் எடைக்கும் சேர்த்துக் குறைந்தது 2.8 வேண்டும் என்று வைத்தால், மிச்சமுள்ள 2.6 மி.மீ. தீர 21 ஆண்டு சொச்சம். ஏ.பி.ஐ. 570 அதில் பாதிக்குள் மறுபடி அளக்கச் சொல்கிறது. அதற்கும் மேலே உச்சவரம்பு, ஆபத்தான திரவம் என்றால் ஐந்து ஆண்டு, மற்றவற்றுக்குப் பொதுவாகப் பத்து.

கணக்கு சுலபம், தொடக்க எண்தான் சிக்கல். ஷெட்யூல் 40-இன் பெயரளவு 7.11 மி.மீ. என்றாலும், ஆலையிலிருந்து வரும்போதே எட்டில் ஒரு பங்கு குறைவாக, 6.22 வரை இருக்க அனுமதி உண்டு. புதுக் குழாயை அளக்காமல் விட்டுவிட்டுப் பெயரளவிலிருந்து கழித்தால், நடக்காத அரிப்பு நடந்ததாகக் கணக்கு வரும். புதுக் குழாய் போட்ட வாரத்திலேயே அடிப்படை அளவீடு எடுத்து வைப்பது எந்தச் சோதனையையும்விட மலிவு. கிட்டத்தட்ட யாரும் செய்வதில்லை.

ஓராண்டு இடைவெளியில் எடுத்த இரண்டு எண்களை வைத்து அரிப்பு வேகம் சொல்லவும் கூடாது. கைப்பிடியிலும் இடமாற்றத்திலுமே 0.1 மி.மீ. ஏறி இறங்கும். சில அறிக்கைகளில் குழாய் போன வருடத்தைவிடத் தடித்திருக்கும்! இரும்பு வளராது. இரண்டில் ஒரு தடவை புரோப் வேறிடத்தில் இருந்திருக்கிறது, அல்லது நடுவில் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

மீயொலி காட்டாதவை

சுவர் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று சொல்லும் கருவி, குழாய்க்குள் கல் கிடக்கிறதா, கட்டுமானக் காலத்துச் சாக்குத் துணி அடைத்திருக்கிறதா என்று நம்பகமாகச் சொல்லாது. ஸ்பிரிங்க்ளருக்கு அடைப்பும் சாவுதான். தீயின்போது நீர் வர வேண்டிய துவாரம் ஒரு விரல் அளவுகூட இல்லை. தடிமன் நன்றாக இருந்தாலும், வடிகால் நீர் கறுப்பாகவோ துகள்களோடோ வந்தால் குழாயைத் திறந்து பார்த்தே ஆக வேண்டும். ஐரோப்பாவின் இ.என். 12845, 25 ஆண்டுகளுக்குள் குழாய்களையும் ஸ்பிரிங்க்ளர்களையும் முறையாக ஆய்வு செய்யச் சொல்வதும் இதனால்தான். வெளியிலிருந்து அளப்பது எங்கே திறப்பது என்று காட்டும். திறக்கவே வேண்டாம் என்று உத்தரவாதம் தராது.

அறிக்கை வந்ததும்

அளந்தவர் ஏ.எஸ்.என்.டி. முறையிலோ ஐ.எஸ்.ஓ. 9712 முறையிலோ மீயொலியில் லெவல் 2 சான்று பெற்றவரா என்று பார்க்க வேண்டும். எந்த முறையில் அளந்தார், பெயிண்டோடா பெயிண்ட் இல்லாமலா, எந்தப் பிளாக், என்ன புரோப் என்பவை முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒவ்வோர் இடத்திலும் மிகக் குறைந்த எண், அதன் கடிகார நிலை, ‘ரீடிங் இல்லை’ என்ற இடங்கள், சந்தேகமானவற்றின் ஏ-ஸ்கேன் படம் எல்லாம் வேண்டும். அடுத்த முறை வேறொருவர் வந்தாலும் அதே புள்ளியில் புரோப் வைக்கும்படி குழாய் வரைபடம் ஒன்றும் இணைத்திருக்க வேண்டும்.

அந்த வரைபடத்தில் ஒரு நிமிடம் கண்ணை ஓட்டிப் பாருங்கள். அளந்த புள்ளிகள் எல்லாம் பம்ப் ரூமிலும் ஏணி வைக்க வசதியான சுவரோரங்களிலும் குவிந்திருந்தால், கிளைக் குழாய்களின் முனைகளையும் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலுள்ள மேட்டுப் பகுதிகளையும் அளந்து வரும்படி திருப்பி அனுப்புங்கள். அதுவரை பில்லில் கையெழுத்துப் போட வேண்டாம்.